தாம்பரம் பக்கம் குடிவந்திருக்கீங்களா? எந்தப் பிரச்னைக்கு யாரைக் கேட்கணும்?

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வருகிறது. பள்ளம் விழுந்த ரோடு, அதில் தேங்கிய தண்ணீர். கீழே வரிசையாக மெசேஜ்கள். 'கார்ப்பரேஷன் என்னதான் பண்ணுது?', 'வரி மட்டும் கரெக்டா வாங்குறாங்க!' ராத்திரிக்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். 'சரி, புகார் கொடுத்தது யாரு?' என்று கேட்டால், குரூப்பே அமைதியாகிவிடும்.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று சென்னைக்குத் தெற்கே குடிவந்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. எங்கே போய்க் கேட்பது என்பதே பலருக்குக் குழப்பம். வீட்டு வாசலில் இருக்கும் ரோடு ஒருவர் பொறுப்பு, மெயின் ரோடு இன்னொருவர் பொறுப்பு, பின்னால் இருக்கும் ஏரி வேறொருவர் பொறுப்பு. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்!

உங்க தெரு எந்த நிர்வாகம்?

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என 5 பேரூராட்சிகளும் இணைந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மொத்தம் 70 வார்டுகள், 5 மண்டலங்கள். இந்த எல்லையை ஒட்டியே கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. அதனால் பக்கத்துத் தெருக்காரருக்குப் பொருந்துவது உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

முகவரியில் 'சென்னை' என்று இருப்பதை நம்பி, சென்னை மாநகராட்சியின் 1913-க்கு போன் போடுகிறவர்களும் உண்டு. அங்கே உங்க தெரு கணக்கிலேயே வராது. சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்க. வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் கேட்டு, எந்த உள்ளாட்சி, எத்தனையாவது வார்டு என்பதை போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

எதற்கு யார்?

* உள்தெரு ரோடு, தெருவிளக்கு, குப்பை, தெருவோர மழைநீர் வடிகால்: மாநகராட்சி அல்லது ஊராட்சி. மாநகராட்சி என்றால் உங்க மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

* மெயின் ரோடு: தாம்பரம்-வேளச்சேரி சாலை, முடிச்சூர் சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அங்கே விழுந்த பள்ளத்துக்கு கவுன்சிலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

* கரன்ட்: மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. எந்த நேரமும் அழைக்கலாம். மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், தயாராக வைத்திருங்க. கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மற்றவர்களையும் போகவிடாமல், உடனே இந்த எண்ணுக்குச் சொல்லுங்க.

* பட்டா, ஆக்கிரமிப்பு: வருவாய்த் துறை. தாலுகா அலுவலகத்தில் நகராவிட்டால், செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

* எந்தத் துறை என்றே தெரியவில்லையா? முதல்வர் உதவி மையத்தின் 1100-ஐ அழைத்துச் சொல்லுங்க. சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிவைப்பார்கள்.

செப்டிக் டேங்க் நிறைஞ்சிருச்சா?

பாதாளச் சாக்கடை வராத பகுதிகளில் இதுதான் பெரிய தலைவலி. லாரிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். 'அடியில கொஞ்சம் கசடு இருக்கு, ஆளை இறக்கிடலாம்' என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீங்க. தொட்டிக்குள் இருக்கும் விஷவாயு நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, ஆளை இறக்கச் சொல்லும் வீட்டுக்காரர் மீதும் வழக்கு வரும்.

ஒரு மனு, ஒரு நம்பர்

மனு கொடுக்கும்போது பிரச்னை நடக்கும் இடம், அருகில் உள்ள கதவு எண், தேதி போட்ட போட்டோ மூன்றும் இருக்கட்டும். ஒரே மனுவில் ரோடு, கொசு, குப்பை என எல்லாவற்றையும் கொட்டாதீங்க. ஒரு பிரச்னைக்கு ஒரு மனு. கையோடு ஒப்புகை எண்ணை வாங்கி, அதை குரூப்பில் போடுங்க. அடுத்த முறை யாராவது புலம்பினால், அந்த எண்ணைச் சொல்லி விசாரிக்கச் சொல்லலாம். பதிலே இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, 'என் மனு மீது என்ன நடவடிக்கை?' என்று கேளுங்க. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

தெருவாகச் சேர்ந்து கேட்டால் குரலுக்கு வலு அதிகம். 7 பேர் இருந்தாலே, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குடியிருப்போர் நலச் சங்கத்தைப் பதிவு செய்யலாம். வாடகைக்கு இருப்பவர்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்க. தண்ணீர் வந்தால் அவர்கள் வீட்டுக்குள்ளும்தானே வரும்?

சிட்லபாக்கம் ஏரி இதற்கு நல்ல உதாரணம். 2019 வறட்சியில் ஏரி காய்ந்து கிடந்தபோது, அந்தப் பகுதி மக்களே திரண்டு குப்பையை அள்ளினார்கள். அதன் பிறகு அரசு நிதி ஒதுக்கி, நீர்வளத் துறை மூலம் சீரமைப்புப் பணிகள் நடந்தன.

மழைக்கு முன்னாடி ஒரு நடை

இந்தப் பகுதி ஏரிகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம் வழியாக, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு என்று தண்ணீர் நடையைக் கட்டும். நடுவில் ஒரு கால்வாய் அடைத்தால், அது வீடுகளுக்குள் வழி தேடும். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் மொட்டை மாடியிலிருந்து படகில் மீட்கப்பட்டன.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதனால் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாலு பேர் சேர்ந்து தெருமுனையிலிருந்து தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து பாருங்க. எங்கே வடிகாலில் மண் மூடியிருக்கிறது, எங்கே மூடி உடைந்திருக்கிறது என்று போட்டோ எடுத்து, மறுநாளே மனு கொடுங்க. அப்படியே தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், யார் வீட்டு மாடி உயரம் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்க. கரன்ட் போய், போன் சார்ஜும் தீர்ந்த ராத்திரியில் முதலில் எந்தக் கதவைத் தட்டணும் என்பதை அந்தக் காகிதம்தான் சொல்லும்.

போனஸ் டிப்ஸ்: சொத்துவரி ஆண்டுக்கு இரண்டு தவணை. ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் கட்டினால், அந்தந்த அரையாண்டு வரியில் 5% தள்ளுபடி. காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்க!