நட்சத்திரங்களுக்குப் பின்னால்...

மின்னஞ்சலைத் திறக்கும்போது எந்த எழுத்தைத் தட்டினாலும் கடவுச்சொல் பெட்டியில் விழுவது கரும்புள்ளிதான். பெட்டி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு வேறொன்றை வரைந்து காட்டுகிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் செய்துகாட்டினார்கள். அவரவர் கோப்பை அவரவர் மட்டும் பார்க்கக் கடவுச்சொல் வந்தது. ஆனால் அவர்கள் பயன்படுத்திய முனையங்கள் தட்டச்சு இயந்திரம் மாதிரி. தட்டுவதெல்லாம் காகிதத்தில் அச்சாகும். கடவுச்சொல்லும் அச்சானால் குப்பைக்கூடையைக் கிளறுகிறவருக்கு யோகம்தான்! அதனால் கடவுச்சொல் தட்டும் நேரத்தில் மட்டும், முடிந்தவரை, அச்சடிப்பதை நிறுத்திவைத்தார்கள்.

நிறுத்த முடியாத முனையங்களுக்குப் பிற்பாடு வேறொரு தந்திரம் வந்தது. கணினியே முதலில் ஓரிடத்தில் பல எழுத்துகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துக் கறுப்பாக்கிவிடும். அதன் மேல் நாம் தட்ட வேண்டும்.

இவ்வளவு மறைத்து என்ன பயன்? 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு, ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரச் சொல்லி ஒரு துளையட்டை கொடுத்தார். அச்சாகி வந்துவிட்டது!

திரைகள் வந்த பிறகு யூனிக்ஸ் எதையுமே காட்டவில்லை. அதில் ஒரு லாபம், எத்தனை எழுத்து என்பதும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. விண்டோஸ் நட்சத்திரக் குறியைக் காட்டியது. எந்தக் குறியை வரைய வேண்டும் என்பதைப் புரோகிராமரே மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. ஜாவாவிலும் அப்படியே. விண்டோஸ் எக்ஸ்பியில் நட்சத்திரம் கரும்புள்ளி ஆனது.

ஆனால் மாறியது படம் மட்டும்தான். உள்ளே இருந்தது அசல் எழுத்து. விண்டோஸ் 95, 98 காலத்தில் வேறொரு புரோகிராம் அந்தப் பெட்டியிடம் "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் அப்படியே சொல்லிவிடும். நட்சத்திரத்தை விலக்கிக் காட்டவென்றே குட்டி மென்பொருள்கள் உலவின.

2007-ல் ஐபோன், கடைசியாகத் தட்டிய எழுத்தை மட்டும் ஒரு கணம் காட்டிப் பிறகு புள்ளியாக்கியது. சின்னத் திரையில் பிழை அதிகம் வருமே! 2009-ல் யாக்கோப் நீல்சன், பெரும்பாலும் பின்னால் யாரும் நிற்பதில்லை, மறைப்பதால் பிழைதான் கூடுகிறது, இந்த வழக்கத்தையே விடுங்கள் என்று எழுதினார். 2012-ல் விண்டோஸ் 8 கண் படம் போட்ட பொத்தானைக் கொண்டுவந்தது. 2017-ல் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பும், கடவுச்சொல்லைப் பார்க்க வசதி தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பிராஜெக்டுக்கு லாகின் பக்கம் செய்யும் நண்பர்களே, புள்ளி மறைப்பது தோளுக்குப் பின்னால் நிற்பவரின் கண்ணை மட்டும்தான். ஷெர் எட்டிப் பார்க்கவில்லை, கோப்பைத்தான் எடுத்தார். பெட்டியில் புள்ளி வைத்துவிட்டு டேட்டாபேஸில் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்தால், நாம் இன்னும் 1962-ல்தான் இருக்கிறோம்.