உப்புத்தாள் எழுத்தின் பயணம்

ரோம் நகரின் சான் லொரென்சோ ஏழைக் குடியிருப்பில் 1907 ஜனவரி 6 அன்று இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று எழுத்தறியாத தாய்மார் வந்து கேட்டார்கள். முன்பு மாண்டிசோரி பயன்படுத்திய மர எழுத்துகளைப் போலச் செய்துதர ஆள் கிடைக்கவில்லை. எனவே உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டினார். பிள்ளை அதை விரலால் தடவி ஒலியைச் சொல்லும். விரல் விலகினால் வழவழப்பு தட்டுப்படும், தானே திருத்திக்கொள்ளும். அதட்ட ஆள் வேண்டாம்.

ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்தார். பிள்ளைகள் தாங்களே கற்றல் கருவிகளை எடுத்து வேலையில் மூழ்கியிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகப் பட்டது. மாண்டிசோரியோ, பிள்ளைக்குத் தனக்கு வேண்டியது தெரிகிறது என்று கண்டுகொண்டார். பிறகு, கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகள் வந்தன. அந்த டிசம்பரில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் சுண்ணக்கட்டியால் புகைபோக்கியை வரைந்தான். பின், எழுது என்று யாரும் சொல்லாமலே, ‘கை’, ‘புகைபோக்கி’, ‘கூரை’ என்று தன் மொழியில் எழுதிக் களித்தான்.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சியோடு முரண்பட்டு நாட்டைவிட்டு வெளியேறிய மாண்டிசோரி, 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயின்றார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் பணி தொடர்ந்தது. 1944இல் இலங்கையிலும் பயிற்சி தந்தார். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலோட்டி எழுதிப் பழகிய நமக்கு உப்புத்தாள் புதிதாகத் தோன்றவில்லை. அதில் அகரமும் ஏறியது.

இன்று மாண்டிசோரியின் இத்தாலியில், பலேர்மோ நகரில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இத்தாலியம், வீட்டில் தமிழ். பிள்ளைக்குக் கல்வி தருவது பெற்றோரின் கடமையும் உரிமையும் என்கிறது 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பு. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கலாம். ஆனால் பள்ளிக்கு அறிவிக்கவேண்டும், பிள்ளை ஆண்டுதோறும் தேர்வு எழுதவேண்டும். வீட்டுத் தமிழுக்கு அந்தக் கட்டாயம் எதுவுமில்லை. அந்தச் சுதந்திரத்தை நாமே மனப்பாடத்தாலும் மதிப்பெண்ணாலும் கெடுத்துவிடக்கூடாது.

பெற்றோரே, இந்த வாரம் கொஞ்சம் உப்புத்தாள் வாங்குங்கள். பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் வெட்டி ஒட்டி, பிள்ளைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். எடுத்து வந்து கேட்டால் ஒலியைச் சொல்லுங்கள். கேட்காத நாளில் கூப்பிடாதீர்கள். எடுப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.