அஞ்சு மணிக் கப்பலுக்கு மதியமே ஏன் வரச் சொல்றாங்க?

கப்பல்களின் வரலாறு பேச ஆரம்பிச்சதிலிருந்து, மூழ்கின கப்பல்களைப் பத்தித்தான் நிறைய கேள்வி வரும்னு நினைச்சிருந்தேன். ஆனா அதிகமா வர்றது இதுதான்: "சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்புற குரூஸுக்கு மதியம் ஒரு மணிக்கே வரணும்னு போட்டிருக்கான். மூன்றரைக்கு மேல வந்தா ஏத்த மாட்டானாம். கப்பல் அங்கதானே நிக்குது ப்ரோ?"

நியாயமான கேள்வி. நகர ஆரம்பிச்ச ரயில்ல ஓடிப்போய் ஏறின குடும்பத்துல இருந்து வர்றவன் நான். கண்ணெதிரே நிற்கிற கப்பலில் ஏற முடியாதுன்னா எனக்கும் கடுப்பாத்தான் இருக்கும்.

ஆனா அந்த நேரம் உங்களை ஏத்துறதுக்கு ஆகிற நேரம் இல்லை. கப்பலில் யார் யார் இருக்காங்கன்னு கரையில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்கு ஆகிற நேரம். இந்த ரெண்டும் ஒண்ணுன்னு நாம நினைச்சுக்கறோம். ரெண்டும் வேற வேறன்னு கப்பல் உலகம் கத்துக்க கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆச்சு.

முதல்ல, "கப்பல் கிளம்பும் நேரம்"ங்கிற விஷயமே புதுசு. பாய்மரக் காலத்தில் கப்பல் எப்போ கிளம்பும்? சரக்கு நிரம்பி, காற்று தோதாக அடிக்கும்போது. அது நாளைக்கும் இருக்கலாம், மூணு வாரம் கழிச்சும் இருக்கலாம். 1818 ஜனவரி 5ஆம் தேதி, நியூயார்க் துறைமுகத்திலிருந்து ஜேம்ஸ் மன்றோ என்ற கப்பல் லிவர்பூலுக்குக் கிளம்பியது. பிளாக் பால் லைன் என்ற நிறுவனத்தின் கப்பல். அன்றைக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் விளம்பரத்தில் சொன்ன அதே நாளில், சொன்ன நேரத்தில் கிளம்பியது. அதுதான் செய்தி. கால அட்டவணைப்படி அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல் சேவை அப்போதுதான் தொடங்குகிறது.

இந்தச் சொகுசு காசு உள்ளவர்களுக்குத்தான். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா போன ஏழைகள் லிவர்பூலில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அவர்களை மடக்குவதற்கென்றே துறைமுகத்தில் ஒரு தரகர் கூட்டம் இருந்தது. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, தனக்குக் கமிஷன் தரும் விடுதியில் கொண்டுபோய் அடைப்பான். தேவையில்லாத சாமான்களை விற்பான். கப்பல் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கையில் இருக்கும் காசு கரையும். இது பொறுக்க முடியாமல் போய், சொன்ன தேதியில் கிளம்பாத கப்பல் பயணிகளுக்குத் தினப்படி கொடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் சட்டம் சொன்னது. கவனிங்க, அப்போ தாமதத்துக்குத் தண்டனை கப்பல்காரனுக்கு. இப்போ நமக்கு. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி வந்தது?

ஒரு பட்டியல் வழியாக வந்தது.

1819இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஐந்து டன்னுக்கு இரண்டு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. அத்துடன், வந்து சேரும் ஒவ்வொரு கப்பலின் கேப்டனும் பயணிகளின் பெயர், வயது, பாலினம், தொழில், சொந்த நாடு எல்லாம் எழுதிய பட்டியலைத் துறைமுகத்தில் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் இன்றைக்குத் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடுபவர்கள் புரட்டுவது இந்தப் பட்டியல்களைத்தான்.

ஆனா என் வேலைப் புத்திக்கு ஒண்ணு உடனே உறுத்துது. அந்தப் பட்டியல் கப்பலோடயே வருது. கப்பல் வந்து சேரலைன்னா? சர்வர் ஏன் விழுந்துச்சுன்னு பார்க்க வேண்டிய லாகை அதே சர்வர்லயே வெச்சிருக்கற மாதிரி. சர்வரோட சேர்த்து லாகும் போயிடும். இதை பிரிட்டிஷ்காரர்கள் கவனித்திருந்தார்கள். குடியேறிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் கிளம்பும் முன்பே பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் கொடுக்க அவர்கள் சட்டத்தில் வழி இருந்தது. சின்னப் பயணங்களுக்கு அந்த அக்கறை இல்லை. அதன் விலை என்னன்னு பின்னாடி பார்ப்போம்.

அடுத்த திருப்பம் நோயால் வந்தது. 1891இல் அமெரிக்கா, நோயாளிகளையும் பிழைக்க வழியில்லாதவர்களையும் திருப்பி அனுப்பும் செலவைக் கப்பல் நிறுவனத்தின் தலையில் கட்டியது. மறு வருடம் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பழி குடியேறிகள் மேல் விழுந்தது. 1893இல் இன்னொரு அமெரிக்கச் சட்டம்: பட்டியலின் ஒரு தாளில் முப்பது பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒவ்வொருத்தருக்கும் எந்தத் தாளில், எத்தனையாவது ஆள் என்று சீட்டு கொடுக்க வேண்டும். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச இடம். கம்ப்யூட்டர் வர்றதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே மனுஷனுக்கு ஒரு ஐடி நம்பர், பக்கம் பிரிப்பு, எல்லாம் வந்துடுச்சு.

திருப்பி அனுப்பும் செலவு தன்னுடையது என்றானதும் நிறுவனங்கள் சோதனையை இந்தப் பக்கமே செய்ய ஆரம்பித்தன. ஹாம்பர்க்கின் ஃபெடல் தீவில் 1901இல் ஆல்பர்ட் பாலினின் நிறுவனம் ஒரு சின்ன ஊரையே கட்டியது. தங்கும் கூடங்கள், சாப்பாட்டு அறை, மருத்துவச் சோதனை, கிருமி நீக்கம், வழிபாட்டு இடம் எல்லாம் உண்டு. சோதனை முடியாதவர்களுக்கு ஒரு பக்கம், முடிந்தவர்களுக்கு ஒரு பக்கம். சில வருடங்களில் அதை ஐயாயிரம் பேர் தங்கும் அளவுக்குப் பெரிதாக்கினார்கள். கப்பல் ஏறுவதற்குச் சில நாள் முன்பே அங்கே போய்விட வேண்டும். "செக்-இன்"னே சில நாள்! முதல் வகுப்பு ஆட்களுக்கு இந்தக் கூடமெல்லாம் கிடையாது. அவர்கள் நேராகக் கப்பலுக்குப் போவார்கள்.

நம்ம பக்கத்துலயும் இது நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, மருத்துவச் சோதனை முடித்துத்தான் கப்பலேற்றினார்கள். முகாமை நடத்தியது இலங்கை அரசு, இந்திய மண்ணில். கடல் தாண்டப் போவது ஒரு சில மணி நேரம். அதற்கு நாள்கணக்கில் காத்திருப்பு. ராமேஸ்வரம் ரயிலில் போகும்போது "மண்டபம் கேம்ப்"னு ஸ்டேஷன் பேரே வரும், பார்த்திருப்பீங்க.

சரி, டைட்டானிக்கைத் தொடாமல் போனா என்னை விட மாட்டீங்க. 1912 ஏப்ரல் 10, சவுத்தாம்டன். கிளம்பும் நேரம் பகல் 12. லண்டனிலிருந்து வந்த முதல் ரயில் காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் பயணிகள் முதலில் ஏறினார்கள். ஆள் அதிகம், அவர்களுக்கு மருத்துவச் சோதனையும் உண்டு. முதல் வகுப்பு கனவான்கள் கடைசியில், சாவகாசமாக. இன்றைக்கு அதிகக் காசு கொடுத்தவருக்கு "முன்னுரிமை ஏற்றம்" கொடுக்கிறோம். அன்றைக்கு அதிகக் காசு கொடுத்தவரின் உரிமை, தாமதமாக வருவது.

கப்பல் ஊழியர்களில் சிலர் கடைசி நேரம் வரை மதுக்கடையில் இருந்தார்கள். ஸ்லேட் என்ற குடும்பப் பெயர் கொண்ட மூன்று சகோதரர்கள், கொதிகலன் அறைத் தொழிலாளிகள். ஓடி வரும்போது குறுக்கே துறைமுக ரயில் ஒன்று போனது. அதற்குள் முந்திக் கடந்தவர்கள் கப்பலில் ஏறினார்கள். ரயில் போகட்டும் என்று நின்ற இவர்களை அதிகாரி ஏற்ற மறுத்துவிட்டார். அவர்களுக்குப் பதிலாக, கரையில் தயாராக நின்ற வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். இந்தக் கதையை "லேட்டா வந்ததால பிழைச்சாங்க"ன்னு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். எனக்கு அது முக்கியமில்லை. கிளம்புறதுக்குச் சில நிமிஷம் முன்னாடி வரைக்கும் உள்ளே இருக்கும் ஆட்கள் மாறிக்கிட்டே இருந்தாங்க. அதுதான் கவனிக்க வேண்டியது.

பட்டியலில் பெயர் இருந்தாலும் அது யாருடைய பெயர்? இரண்டாம் வகுப்பில் ஹாஃப்மன் என்ற பெயரில் ஒருவர் இரண்டு சின்னப் பையன்களுடன் ஏறியிருந்தார். உண்மையில் அவர் நீஸ் நகரைச் சேர்ந்த மிஷெல் நவராத்தில். மனைவியைப் பிரிந்தவர். அவருக்குத் தெரியாமல் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா கிளம்பிவிட்டார். கப்பல் மூழ்கியபோது பையன்களைப் படகில் ஏற்றிவிட்டு அவர் இறந்துபோனார். ஒருவனுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை, இன்னொருவனுக்கு இரண்டு. பிரெஞ்சு தவிர ஒன்றும் தெரியாது. நியூயார்க் வந்த இந்தக் குழந்தைகள் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. பட்டியலைப் பார்த்தால் ஹாஃப்மன். அப்படி ஒரு குடும்பமே கிடையாது. செய்தித்தாள்களில் வந்த படத்தைப் பார்த்து, தாய் மார்செல் பிரான்சிலிருந்து கிளம்பி மே மாதம் நியூயார்க் வந்து பிள்ளைகளைச் சேர்ந்தார். தகப்பனின் உடல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் யூதர் கல்லறையில் புதைக்கப்பட்டது. அவர் கத்தோலிக்கர். ஹாஃப்மன் என்ற பெயரை வைத்து யூதர் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இன்னைக்குக் கவுண்டர்ல பாஸ்போர்ட்டை வாங்கி, முகத்தைப் பார்த்து, போட்டோ எடுக்கிறாங்க இல்லையா, அந்த ரெண்டு நிமிஷம் இந்த மாதிரி ஓட்டையை அடைக்கத்தான்.

இப்போ சின்னப் பயணங்களுக்கு வருவோம். 1987 மார்ச் 6, பெல்ஜியத்தின் சேப்ருகா துறைமுகம். ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பிரிட்டிஷ் ஃபெரி, வண்டிகள் ஏறும் முன்கதவை மூடாமலேயே கிளம்பியது. சில நிமிடங்களில் தண்ணீர் புகுந்து சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதோடு பலர் கதையை முடித்துவிடுவார்கள். விசாரணையில் வேறு இரண்டு விஷயங்களும் வந்தன. ஒன்று, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்ற நெருக்கடி நிறுவனத்துக்குள்ளேயே எழுத்தில் இருந்தது. இன்னொன்று, கப்பலில் எத்தனை பேர் என்ற கணக்கே நம்பும்படி இல்லை. பெயர்ப் பட்டியல் இல்லாததால், காத்திருந்த உறவினர்களிடம் அவர் ஏறினாரா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை.

அதே வருடம் டிசம்பர் 20, பிலிப்பைன்ஸ். டோன்யா பாஸ் என்ற ஃபெரி எண்ணெய்க் கப்பலோடு மோதி எரிந்தது. பட்டியலில் சுமார் 1,500 பயணிகள். இறந்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல் என்று பின்னால் கணக்கிட்டார்கள். வித்தியாசத்தைப் பாருங்க. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் எந்தத் தாளிலும் இல்லை.

1994இல் எஸ்டோனியா மூழ்கி 852 பேர் போனார்கள். 1998இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி கொண்டுவந்தது: கிளம்பும் முன் தலை எண்ண வேண்டும். இருபது கடல் மைலுக்கு மேற்பட்ட பயணம் என்றால் பெயரும் வேண்டும். அந்தத் தகவல் கிளம்பின அரை மணிக்குள் கரையில் இருக்க வேண்டும். பட்டியலைக் கப்பலிலிருந்து பிரித்துக் கரையில் வைப்பது இப்படித்தான் ஃபெரிகள் வரைக்கும் வந்தது.

அமெரிக்கா இன்னும் ஒரு படி போனது. 2001 தாக்குதலுக்குப் பிறகு, பயங்கரவாதக் கண்காணிப்புக்காக, பயணிகள் பட்டியலை மின்னணு முறையில் முன்கூட்டியே கேட்க ஆரம்பித்தது. 2007இல் வந்த விதிப்படி, அமெரிக்கத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல், அதற்குக் குறைந்தது 60 நிமிடம் முன்பு பட்டியலை அனுப்பியிருக்க வேண்டும். கேள்வி கேட்ட நண்பர்களே, உங்க ஆள் இதோ மாட்டிட்டான். கவுண்டர் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ முன்னாடியே மூடுறதுக்கு இது பெரிய காரணம். கோட் ஃப்ரீஸ் மாதிரிதான். அனுப்பினதுக்கு அப்புறம் ஒரு பேரைச் சேர்த்தா, மறுபடி அனுப்பி மறுபடி அனுமதி வாங்கணும்.

மதியமே வரச் சொல்வதற்கு மட்டும் காரணம் வேறு, அது வெறும் கூட்டக் கணக்கு. கப்பல் அதிகாலையில் வந்து, பழைய பயணிகளை இறக்கி, அறைகளைச் சுத்தம் செய்து, உணவு ஏற்றி, அன்று சாயங்காலமே புதுக் கூட்டத்தோடு கிளம்ப வேண்டும். ஐகான் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பலில் ஏழாயிரம் பேருக்கும் மேல் ஏறலாம். எல்லாரும் மூணு மணிக்கு வந்தா என்ன ஆகும்னு தட்கல் புக்கிங் திறக்கிற நேரத்துல சைட் படுத்துக்கிறதைப் பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு துண்டு. 2012 ஜனவரி 13, இத்தாலி. கோஸ்டா கான்கார்டியா இரவு ஏழே காலுக்கு மேல் சிவிடாவெக்கியா துறைமுகத்தை விட்டது. அங்கே ஏறிய சுமார் 700 பேருக்கு ஆபத்து ஒத்திகை நடக்கவில்லை. எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு உடையை எப்படிப் போடுவது என்று காட்டுவார்களே, அதுதான். ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி. மறுநாள் நடத்துவதாக இருந்தது. இரவு 9.45க்கு ஜில்லியோ தீவின் பாறையில் கப்பல் மோதியது. 32 பேர் இறந்தார்கள். 2015 ஜனவரி 1 முதல் சர்வதேச விதி மாறியது. கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். உங்களை மதியம் வரச் சொல்லும் அட்டவணையில் இந்த ஒத்திகைக்கும் ஒரு பங்கு சேர்ந்துகொண்டது. இப்போ பல கப்பல்களில் வீடியோவை போனிலேயே பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்கு ஒரு நடை போய் முகத்தைக் காட்டினால் போதும். அங்கே நிற்கும் ஊழியர் உங்க அட்டையை ஸ்கேன் செய்யும்போது, இன்னொரு பட்டியலில் உங்க பெயருக்கு நேரே டிக் விழும்.

அடுத்த எபிசோடில் சேப்ருகா விசாரணை அறிக்கையை முழுசாகப் பிரித்துப் பார்ப்போம். அதுவரைக்கும், வணக்கம்.