பீர் ஆலைக்காரர் மீட்ட அரண்மனை

டென்மார்க்கின் வடக்கு ஸீலந்துப் பகுதி அரண்மனைகள் எல்லாவற்றையும் பற்றி ஒரே கட்டுரையாக எழுதித் தரும்படி விழா மலர்க் குழுவினர் கேட்டார்கள். கேட்டதில் பாதியைக்கூட நான் செய்யப்போவதில்லை. ஹெல்சிங்கோர் கடற்கரையில் நிற்கும் குரோன்போர்க், ஹாம்லெட் நாடகத்தின் புண்ணியத்தில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிவிட்டது. அதன் எதிரே உள்ள நீரிணையைக் கடந்த கப்பல்களிடம் டென்மார்க் மன்னர்கள் 1857 வரை சுங்கம் வாங்கிய கதைக்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஃப்ரெடன்ஸ்போர்க்கில் அரச குடும்பம் இன்றும் வந்து தங்குகிறது. அதனால் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஹில்லரோட் நகரின் ஃப்ரெடரிக்ஸ்போர்க் இவற்றிலிருந்து வேறுபட்டது. அரண்மனையாக இருந்து, எரிந்து, ஒரு நிறுவனமாக மறுபிறவி எடுத்தது அது. விழா மலருக்குப் பொருத்தமான வரலாறு அந்த இரண்டாம் பிறவியில்தான் இருக்கிறது.

முதல் பிறவியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஃப்ரெடரிக் மன்னர் 1560இல் ஹெர்லுஃப் டிரோல்லே என்ற பிரபுவுக்கு வேறு நிலம் கொடுத்து, இந்த ஏரிக்கரை மாளிகையைத் தமதாக்கிக்கொண்டார். அவருடைய மகன் நான்காம் கிறிஸ்டியன் 1577இல் இங்கேதான் பிறந்தார். பிறந்த வீட்டின் மேல் பாசம் உள்ளவர்கள் அதை அப்படியே வைத்துக் காப்பாற்றுவார்கள். இவரோ பெரும்பகுதியை இடித்துப்போட்டார். 17ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில், ஏரியின் மூன்று சிறு தீவுகளின் மேல் செங்கல்லும் மணற்கல்லுமாக இப்போதைய மாளிகை எழுந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை கண்டு தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை எழக் காரணமானவரும் இதே கிறிஸ்டியன்தான்.

தமிழர்களாகிய நமக்கு இந்த மாளிகையோடு இன்னொரு தொடர்பும் உண்டு. முடியாட்சி முழு அதிகாரத்தோடு இருந்த காலத்தில், 1671 முதல் 1840 வரை, ஒருவரைத் தவிர மற்ற மன்னர்கள் எல்லோருக்கும் இந்த அரண்மனைத் தேவாலயத்தில்தான் அபிஷேகத் தைலம் பூசி முடிசூட்டு வழிபாடு நடந்தது. 1700இல் இங்கே அபிஷேகம் பெற்ற நான்காம் ஃப்ரெடரிக் அனுப்பித்தான் மறைப்பணியாளர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் அச்சு வரலாற்றில் அடுத்து நடந்தது நாம் அறிந்ததே.

1859ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி இரவு. ஏழாம் ஃப்ரெடரிக் மன்னர் அரண்மனையில் இருந்தார். கடுங்குளிர். கணப்பு மூட்டிய ஓர் அறையிலிருந்து தீ கிளம்பியது. சுற்றிலும் ஏரி இருந்தும் அணைக்கத் தண்ணீர் இல்லை, ஏனென்றால் ஏரி உறைந்து கிடந்தது. மறுநாள் பார்த்தபோது முதன்மைக் கட்டடத்தின் கூரைகளும், மாடங்களும், பெரிய மண்டபத்தின் செதுக்கு வேலைகளும், சுவர்களில் மாட்டியிருந்த ஓவியங்களில் பலவும் போய்விட்டிருந்தன. தேவாலயமும் மன்னரின் பேட்டி அறையும் தப்பின. இன்று அங்கே போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது: அந்த இரண்டு இடங்களில் பார்ப்பது பழையது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பார்ப்பது 19ஆம் நூற்றாண்டுக் கைவேலை.

திரும்பக் கட்ட மன்னரும் அரசும் பணம் தந்தார்கள், மக்களும் நன்கொடை திரட்டினார்கள். கட்டடக் கலைஞர் ஃபெர்டினண்ட் மெல்டால் பொறுப்பேற்றார். தீக்கு முன்பே அரண்மனையின் உட்புறங்களைப் பார்த்துப் பார்த்துத் தீட்டிவைத்திருந்த ஹைன்ரிச் ஹான்சென் போன்ற ஓவியர்களின் படங்கள் அப்போது கைகொடுத்தன. ஆனால் கட்டி முடித்தபின் அதை என்ன செய்வது? மன்னர் திரும்பி வந்து குடியிருக்கப் போவதில்லை. அறைகள் வெறுமையாகக் கிடந்தன.

இந்த இடத்தில்தான் ஜே. சி. யாக்கப்சன் வருகிறார். 1847இல் கோபன்ஹேகனுக்கு வெளியே ஒரு மேட்டில் பீர் ஆலை தொடங்கி, மகன் கார்லின் பெயரைச் சேர்த்து அதற்குக் கார்ல்ஸ்பர்க் என்று பெயர் வைத்தவர். தீ விபத்துக்குப் பிறகு மன்னரின் வழிபாட்டறையைப் புதுப்பிக்கும் செலவை ஏற்றுக்கொண்டு, கார்ல் புளோக் என்ற ஓவியரிடம் இயேசுவின் வாழ்க்கையை 23 ஓவியங்களாகத் தீட்டச் சொன்னார். உலகெங்கும் பைபிள் கதைப் புத்தகங்களில் அச்சாகும் படங்கள் அவை. மூலம் இங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. 1864 போரில் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்ற டென்மார்க், ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்து சுருங்கிப்போயிருந்தது. நிலம் போனாலும் நினைவு போகக்கூடாது என்று நினைத்த தலைமுறை அது. பிரான்சின் வெர்சாய் அரண்மனை நாட்டு வரலாற்று அருங்காட்சியகமாக மாறியதை முன்மாதிரியாகக் கொண்டு, ஃப்ரெடரிக்ஸ்போர்க்கையும் அப்படி ஆக்கலாம் என்றார் யாக்கப்சன். 1878இல் அரச ஆணை பிறந்தது. 1882இல் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்தன.

இதில் என்னை வியக்கவைப்பது அவர் கொடுத்த பணத்தைவிட, அதற்கு அவர் செய்த ஏற்பாடுதான். 1876இல் அவர் கார்ல்ஸ்பர்க் அறக்கட்டளையை நிறுவி, அதன் நிர்வாகத்தை டேனிஷ் அரச அறிவியல் கழகத்தின் அறிஞர்கள் ஐவரிடம் விட்டார். அருங்காட்சியகம் அந்த அறக்கட்டளையின் ஒரு பிரிவு. 1887இல் அவர் மறைந்தபின் பீர் ஆலையே அறக்கட்டளைக்குச் சொந்தமானது. வள்ளல்கள் பலர் கட்டடம் கட்டிக் கல்வெட்டில் பெயர் பொறித்துவிட்டுப் போய்விடுவார்கள். விளக்கெரிக்க எண்ணெய் யார் வார்ப்பது என்று யோசிக்க மாட்டார்கள். இவர் யோசித்தார். பள்ளியில் நாம் படித்த பி.எச். அளவுகோல் கூட அவர் ஏற்படுத்திய ஆய்வுக்கூடத்தில் 1909இல் பிறந்ததுதான்.

உள்ளே போனால் எதைப் பார்ப்பது? அறைகள் காலவரிசைப்படி நீள்கின்றன. மன்னர்கள், தளபதிகள், கவிஞர்கள் என முகத்துக்கு மேல் முகம், கால் வலிக்கும். ஓட்டோ பாக்கே 1882இல் முடித்த பெரிய ஓவியத்தின் முன் மட்டும் நின்றுவிடுங்கள். 1286இல் ஐந்தாம் எரிக் மன்னரைக் கொன்றவர்கள் துறவி வேடத்தில் குதிரையேறி ஃபின்டெரூப்பிலிருந்து வெளியேறும் காட்சி அது. இரவில் நடந்ததை அறுநூறு ஆண்டு கழித்து நேரில் பார்த்தவர்போலத் தீட்டியிருக்கிறார். வரலாறு என்று நம்பிவிடவேண்டாம். ஆனால் 1880களில் டேனிஷ் மக்கள் தங்கள் வரலாற்றை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எனக்குப் பிடித்த இடம் தேவாலயம்தான். அங்கே எசாயாஸ் கொம்பேனியஸ் 1610இல் செய்து முடித்த ஆர்கன் இருக்கிறது. அதன் 1001 குழல்களும் மரம். நான்காம் கிறிஸ்டியனின் சகோதரி எலிசபெத்தின் கணவருக்காக ஜெர்மனியில் செய்யப்பட்டு, அவர் இறந்தபின் 1617இல் இங்கே வந்தது. துருத்திகளை ஒருவர் கையால் இயக்க, இன்னொருவர் வாசிக்கிறார். உலோகக் குழலின் கூர்மை அதில் இல்லை, புல்லாங்குழலுக்குப் பக்கத்து வீடு போன்ற ஓசை. சுவர்களில் டென்மார்க்கின் யானை விருது பெற்றவர்களின் கேடயங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அரசர்களின் சிங்கங்களுக்கும் கழுகுகளுக்கும் நடுவே கறுப்பும் சிவப்புமாகச் சீனத்து யின்-யாங் வட்டம் கொண்ட கேடயம் ஒன்று கண்ணில் படும். அது 1947இல் விருது பெற்ற இயற்பியலாளர் நீல்ஸ் போருடையது. யாக்கப்சன் தாம் வாழ்ந்த மாளிகையில் நாட்டின் சிறந்த அறிஞர் ஒருவர் குடியிருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். 1932 முதல் அதில் குடியிருந்தவர் இந்த நீல்ஸ் போர்தான்.

வெளிமுற்றத்தின் நெப்டியூன் நீரூற்றை எல்லோரும் படமெடுக்கிறார்கள். ஏட்ரியன் டி விரீஸ் வார்த்த அசல் சிலைகளை 1659 போரில் ஸ்வீடன் படை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவை ஸ்டாக்ஹோம் அருகே ட்ரோட்னிங்ஹோல்ம் அரண்மனையில் நிற்கின்றன. இங்கிருப்பது 1888இல் வைத்த நகல்.

போக விரும்புவோருக்கு: கோபன்ஹேகனிலிருந்து எஸ்-ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஹில்லரோட் வந்துவிடும், பிறகு நடைதான். அன்றைக்கே குரோன்போர்க்கையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். சேர்க்காதீர்கள். மிச்ச நேரம் இருந்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் 1996இல் மீட்டுருவாக்கிய பரோக் தோட்டத்துக்குப் போங்கள். ஆர்கன் வாசிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.