மாநாட்டுக்கு வந்தவர் வழியும் மண்ணுக்கு வந்தவர் வழியும்

மாநாட்டுக்கென்று ஓர் ஊருக்குச் செல்பவர் அவ்வூரை அறிந்து திரும்புவது அரிது. விமான நிலையம், விடுதி, மண்டபம், மறுபடியும் விமான நிலையம் என்று அவருடைய பயணம் முடிந்துவிடும். இடையே ஒரு மாலைப்பொழுது கிடைத்தால் கடைத்தெருவுக்குப் போய்வருவார். யாரையும் குறைகூற இதனைச் சொல்லவில்லை. சென்னையில் ஒரு கருத்தரங்குக்கு மூன்று நாள் போயிருந்து, மயிலாப்பூரைக்கூடப் பாராமல் திரும்பியவன் நான். ஆயினும் கோலாலம்பூரில் இக்குறைக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. இங்கே மண்டபத்துக்குச் செல்லும் வழியே தமிழர் வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

2015-ஆம் ஆண்டு ஒன்பதாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இங்கு நடைபெற்றது. தமிழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவரைச் சென்ட்ரல் நிலையத்திலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. வழி எளிதுதான். சென்ட்ரலில் இலகு இரயில் ஏறினால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, அடுத்தது யூனிவர்சிட்டி. அங்கிருந்து ஒரு பேருந்து. வண்டியில் நின்றபடி அவர் கேட்டார்: "ஐயா, இந்த ஊரில் தமிழர் பகுதி எது?" "நாம் ஏறிய இடம்தான், பிரிக்பீல்ட்ஸ்" என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். சொன்ன விடை தவறன்று. ஆனால் கால்பங்கு விடை என்பது சொன்ன உடனேயே எனக்கு உறைத்தது. மற்ற முக்கால் பங்கை இங்கே எழுத முயல்கிறேன்.

1964-ஆம் ஆண்டு சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியதையும், அதற்கு அடிகோலியவர்களுள் தனிநாயக அடிகளார் முதன்மையானவர் என்பதையும் தமிழாசிரியர்கள் அறிவர். அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவர். அதனால் மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை அப்பல்கலைக்கழகத்திலேயே கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கிவைத்தார். சென்னை மாநில முதலமைச்சர் பக்தவத்சலமும் வந்திருந்தார். கட்டுரைகள் பின்னர் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. அறிஞர்கள் பேசிய பொருளை அத்தொகுதிகளில் காணலாம். அவர்கள் வந்த வழியை வேறிடத்தில்தான் தேடவேண்டும்.

வானவழி வந்தவர்கள் இறங்கியது சுபாங்கில். அந்த நிலையம் 1965 ஆகஸ்டு 30-இல் திறக்கப்பட்டது. மாநாட்டின்போது அதற்கு எட்டு மாதமும் நிறையவில்லை. அதற்கு முன் சுங்கை பீசியிலிருந்த சிறிய நிலையமே தலைநகரின் விமான நிலையம். சிங்கப்பூரிலிருந்தும் பினாங்குப் பக்கமிருந்தும் வருவோர்க்கு இரவு மெயில் வண்டி இருந்தது. அது விடியலில் கொண்டுவந்து சேர்த்த இடம் 1910-இல் எழுந்த பழைய இரயில் நிலையம். அதன் வெண்ணிறக் கோபுரங்களைக் கண்ட புதியவர் அரண்மனையோ என்று மயங்குவர். பல்கலைக்கழகமோ பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. 1962-இல்தான் அது தனிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. புதிய விமான நிலையம், புதிய பல்கலைக்கழகம், ஒன்பது வயதுகூட நிறையாத புதிய நாடு. விருந்தினர் கண்ணில் முதலில் பட்டது இந்தப் புதுமையே.

இனி, அந்தச் சாலையின் இருபுறமும் இருந்தது என்ன என்று பார்ப்போம். பெட்டாலிங் ஜெயா நகரம் 1952-இல் எஃபிங்காம் என்னும் இரப்பர்த் தோட்டத்தின் நிலத்தில் தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள பங்சார், இன்று செல்வர் வாழும் பகுதி. அதுவும் ஒருகாலத்தில் பால்மரத் தோட்டமே. இன்றைய கிளானா ஜெயாப் பக்கம் சீபோர்ட் தோட்டம் இருந்தது. சுபாங்கிலிருந்து காரில் வந்த அறிஞர் சங்க இலக்கியத்தின் காலத்தை எண்ணியபடி வந்திருக்கலாம். அவர் கடந்து வந்த மண்ணில், விடியுமுன் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டு வாளி தூக்கியவர்கள் தமிழர்கள். இதனை அவருக்கு எடுத்துச் சொல்ல வண்டியில் யாரேனும் இருந்தார்களா, அறியேன்.

அவர்கள் வந்த வழி வேறு. பழங்காலத்தில் கோலாலம்பூருக்குச் செல்பவர் கிள்ளான் ஆற்றில் படகேறித் தாமான்சாரா வரை போய், அங்கிருந்து தரைவழியே நடப்பார்கள். 1886-இல் இரயில் பாதை வந்தது. அதுவும் கிள்ளான் நகருக்குள் நுழையவில்லை. ஆற்றின் அக்கரையில் புக்கிட் கூடாவில் நின்றுவிட்டது. பாலம் கட்டி ஊருக்குள் வண்டி வந்தது 1890-இல். பிறகு கழிமுகத்தில் புதுத் துறைமுகம் அமைத்து 1901-இல் அதற்குச் சுவெட்டன்ஹாம் துறை என்று பெயரிட்டார்கள். 1972-க்குப் பின் அதுவே கிள்ளான் துறைமுகம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய நம்மவர் பலர் பினாங்கைத் தொட்டு இங்கே வந்து இறங்கினர். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 5,000-க்கும் மேற்பட்ட டெக்குப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது என்றால், அந்தத் தட்டில் ஓர் ஆளுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, வெளிவந்து, கங்காணியின் பின்னால் நடந்தவர்க்கு விருந்தினர் என்ற பெயர் இல்லை. உடலுழைப்புக்கு ஆள் சேர்த்து அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியதோடு அந்த வழி அடைபட்டது.

துறைமுகத்திலிருந்து வந்த தண்டவாளம் தலைநகரைத் தொடுமிடத்தில் இருப்பதுதான் பிரிக்பீல்ட்ஸ். பெயரே செங்கல் காளவாயைச் சொல்கிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி உதவா என்று கண்டபோது, செங்கல் அறுக்க ஏற்ற களிமண் கிடைத்த இடம் இது. பின்னர் இரயில்வே தன் பணிமனைகளையும் குடியிருப்புகளையும் இங்கே அமைத்தது. நிலைய அதிகாரியாகவும் எழுத்தராகவும் பணிபுரிய யாழ்ப்பாணத்தார் பலர் வந்தனர். பாதை போடவும் பழுதுபார்க்கவும் தென்னாட்டுத் தொழிலாளர் வந்தனர். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும், 1904-இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமமும் இந்த இரயில்வேக் குடிகளின் வாழ்விலிருந்து எழுந்தவை. நூறு வீடு என்று பெயர்பெற்ற குடியிருப்பு இப்போது இல்லை. வண்டிகள் கோத்துக் கழற்றிய பரந்த நிலத்தின்மேல் 2001-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. ஆக, மாநாட்டுக்கு வரும் விருந்தினர் இன்று பெட்டியுடன் இறங்கி நிற்கும் இடம் அந்தப் பழைய இரயில்வே மண்தான். சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் இருக்கிறது. 2010-இல் திறந்துவைத்த 'லிட்டில் இந்தியா' வளைவுகளும் இருக்கின்றன. ஆனால் ஊரின் கதையைச் சொல்ல வளைவுகள் போதா.

வழி என்பது நிலத்தில் மட்டும் இருப்பதன்று. அதில் செல்லும் உரிமையும் வேண்டும். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தை நம் பள்ளி நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. கிள்ளான் இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதனும் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. இவற்றோடு வேறு இரண்டும் இருந்தன. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குத் தடையின்றி வந்துபோகவேண்டும் என்பது ஒன்று. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும் என்பது மற்றொன்று. நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினர். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்தபடி ஒருவரைக் கடந்து செல்வது ஒரு கோரிக்கையாக எழுதப்பட வேண்டியிருந்த காலம் அது. முதல் மாநாட்டுக்கு இருபத்தைந்தே ஆண்டுகள் முந்தியது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்திய ஆய்வியல் துறை அமைந்த காலத்தில், அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவிய நிதி அது. தோட்டத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளியாகக் கொடுத்தார்கள். ஒரு வெள்ளி என்பது அன்று சிறு தொகையன்று. பால் வெட்டிய என் பாட்டனாரும் ஒரு சம்பள நாளில் ஒரு வெள்ளி கொடுத்தார். அந்த மாதம் வீட்டில் நடந்த சண்டையை என் பாட்டி கடைசிவரை மறக்கவில்லை. எனவே அறிஞர்கள் பந்தாய்க்கு வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோட்டத்தின் காசு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது, வரலாற்றை மாணவனின் வாசற்படியிலிருந்து தொடங்கு என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். மாணவரை வாசலுக்கு அழைத்துவந்து பார்த்தால் இப்போது தோட்டத்தைக் காணோம். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பள்ளியின் பெயரில்தான் அது உயிரோடிருக்கிறது. பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி, கிளானா ஜெயாவில் சீபோர்ட் தமிழ்ப்பள்ளி, ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, கிள்ளானில் ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. இப்பெயர்களை வரிசையாக வாசித்தால் பழைய நிலப்படம் ஒன்று கிடைக்கும். வேறெந்த வழிகாட்டி நூலிலும் அது இல்லை. மாநாட்டுக்கு வருவோர்க்குக் கொடுக்கும் பையில் நகரின் படம் ஒன்று வைப்பது வழக்கம். அதில் இந்தப் பள்ளிகளைக் குறித்தால் என்ன என்று ஒரு குழுவில் நான் கேட்டேன். இடம் போதாது என்றார்கள். பேரங்காடிகளுக்கு இடம் போதியிருந்தது.

ஆகையால் அந்த மாநாட்டில் ஒரு பிற்பகல், பேராசிரியரை இரட்டைக் கோபுரத்துக்கு அழைத்துச் செல்லாமல், அவர் இசைவுடன் கிள்ளானுக்கு அழைத்துச் சென்றேன். சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் வண்டி. 1995-இல் தொடங்கிய மின்வண்டிச் சேவை. ஓடும் தடமோ பழைய கிள்ளான் பாதையின் தடம். பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம் என்று நிலையங்கள் வர வர, மேலே சொன்னவற்றைச் சொல்லிக்கொண்டே போனேன். பேராசிரியர் நல்ல கேள்விகள் கேட்டார். கிள்ளானில் இறங்கியபின்தான் தொல்லை. வெளிநாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வருவது எளிது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கும் எளிது. கிள்ளான் நிலையத்திலிருந்து எங்கள் பள்ளிக்குத்தான் நேரான பேருந்து இல்லை. என் மகன் கார் கொண்டுவரும்வரை ஒரு மணி நேரத்துக்குமேல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம்.

பள்ளியைப் பார்த்தபின் வீட்டுக்கு வந்தார். என் தகப்பனாருக்கு அப்போது எழுபத்தேழு வயது. மாநாட்டுக்கு வந்தவர் என்றதும் மகிழ்ந்து, நான் பலமுறை கேட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். 1966 ஏப்ரல் 17 ஞாயிற்றுக்கிழமை; வேலை இல்லை. பத்திரிகையில் மாநாட்டுச் செய்தி படித்திருந்தார். இருட்டோடு சைக்கிளில் புறப்பட்டுப் பெரிய சாலை வழியாகப் பந்தாய் வரை மிதித்துப் போனார். பல்கலைக்கழகத்தின் மேட்டுச் சாலைக்குக் கீழே நின்று, கார்கள் போவதையும் வருவதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிவிட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

கதை எப்போதும் அங்கே முடிந்துவிடும்; நானும் மேலே கேட்டதில்லை. பேராசிரியர் கேட்டார்: "அவ்வளவு தூரம் போய்விட்டு ஏன் ஐயா உள்ளே போகவில்லை?"

தகப்பனார் சிறிது நேரம் யோசித்தார்.

"சைக்கிள எங்க விடுறதுன்னு தெரியலைங்க" என்றார்.