ஆய்வகத்தில் சாதி: சட்டத்தின் இடைவெளியும் சக ஊழியர் துணையும்

அரசு ஆய்வு நிறுவனங்களில் தலித், பழங்குடி அறிவியலாளர் மீதான அவமதிப்பு பெரும்பாலும் வசவாக வருவதில்லை. கூட்டத்துக்கு அழைக்காமை, ஆய்வுக் கட்டுரையில் பெயரை விடுத்தல், 'கோட்டாவில் வந்தவர்' என்னும் முணுமுணுப்பு ஆகியவையே அதன் வடிவங்கள். திருவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்து மம்சாபுரத்தின் விவசாயக் கூலி வீட்டுப் பெண் முனைவர் பட்டம் பெற்று இத்தகைய ஏதோ ஒரு நிறுவனத்தில் நுழைந்தால், அவருக்குத் துணை எது?

முதலில் எண்ணிக்கை. மத்திய அரசின் 1975ஆம் ஆண்டு ஆணை, 'அ' பிரிவின் தொடக்க நிலைக்கு மேற்பட்ட, ஆய்வு நடத்துகிற அல்லது வழிநடத்துகிற அறிவியல் பதவிகளுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்களித்தது. மேலே செல்லச் செல்ல நம்மவர் தனித்து நிற்பதற்கு இவ்விலக்கும் ஒரு காரணம் என்பேன். டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய பாகுபாட்டை சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கையாக அளித்தபோதும், தனிமைப்படுத்தலே அதன் மையமாக இருந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. சாதிக்கு அப்படியொரு சட்டம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவோ, 'பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நிகழ்ந்த இழிவுபடுத்தலையே தண்டிக்கிறது. ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் பேசியது இப்பிரிவில் வராது என்றது. மேலதிகாரியின் மூடிய அறை இதனால் பாதுகாப்பான இடமாகிறது, அவருக்கு!

இங்கேதான் சக ஊழியர் துணை வெறும் ஆறுதல் என்பதைத் தாண்டுகிறது. மதிப்பீட்டுப் பேச்சுக்கு உடன் செல்லுதல், நடந்ததை அன்றே தேதியிட்டு எழுதிவைத்தல், அதே துறையின் பிற சாதியினர் சாட்சி சொல்ல முன்வருதல் ஆகியவை வேண்டும். இவை இருந்தால் நடத்தை விதிகளின் கீழ்த் துறை விசாரணை கோரலாம். இட ஒதுக்கீட்டு விதிகள் மீறப்பட்டிருந்தால் தொடர்பு அலுவலரிடம் முறையிடலாம். தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தையும் நாடலாம். அவ்வாணையம் அரசமைப்பின் 338ஆம் பிரிவின்படி, விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் பெற்றது.

ஒன்றைத் தவறவிடக் கூடாது. சாதிக் காழ்ப்பு கடைசியில் தங்குமிடம் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை. தேவ் தத் வழக்குத் தீர்ப்புக்குப் (2008) பின் அதன் ஒவ்வொரு பதிவும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். மத்திய அரசு ஊழியர் அதை எதிர்த்து முறையீடு செய்ய 15 நாள் அவகாசம் உண்டு. அந்த 15 நாளில் முறையீட்டை எழுத உடன் உட்காரும் தோழர் ஒருவர் தேவை.