திண்ணைப் பள்ளியும் பல்கலைக்கழகக் கல்வியியலும்

மொழி, மெய்யியல், சட்டம், மருத்துவம் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழகங்களில் தனித்தனிப் புலங்கள் அமைந்தது மிகப் பழைய காலத்தில். கற்பித்தல் என்னும் கலையும் ஆராய்தற்குரிய அறிவுத்துறையே என்று அவை ஏற்றுக்கொண்டதோ மிகவும் பிற்பட்ட காலத்தில். செருமனியில் ஹாலே பல்கலைக்கழகம் 1779இல் இதற்கெனப் பேராசிரியர் ஒருவரை அமர்த்தியது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் நிலையான முதற் பேராசிரியர் பதவிகள் 1876ஆம் ஆண்டில்தான் தோன்றின. எடின்பரோவில் லாரி என்பாரும், செயின்ட் ஆண்ட்ரூசில் மெய்க்கிள்சான் என்பாரும் அவற்றில் அமர்ந்தனர். அவ்விரு பதவிகளுக்கும் ஆண்ட்ரூ பெல் என்பவரின் பெயர் சூட்டப்பெற்றது. அவர் விட்டுச் சென்ற அறக்கொடைப் பொருளிலிருந்தே அவை நிறுவப்பட்டன. அந்தப் பெல் கல்வித்தொண்டில் பேர் பெற்ற இடம் நம் சென்னை மாநகர் என்பதையும், அவர் கண்ணைத் திறந்தவர்கள் மணலில் எழுதிப் பழகிய நம் சிறுவர்கள் என்பதையும் நம்மிற் பலர் அறியோம்.

எழும்பூரில் நிகழ்ந்தது

ஸ்காத்துலாந்தினரான பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல், படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக எழும்பூரில் அமைந்த விடுதிப்பள்ளியின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாட் காலை குதிரையேறிச் சென்றபோது, நாட்டுப்பள்ளி ஒன்றில் சிறுவர்கள் தரையிலமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். தாளும் மையும் வேண்டா; பிழைபட்டால் கையால் தடவி மீண்டும் எழுதலாம். இவ்வெளிமையில் மனம் ஈடுபட்ட அவர், அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். ஆசிரியர்கள் உடன்படவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு அவனையே கற்பிக்கச் செய்தார். சான் பிரிசுகன் என்னும் அச்சிறுவன், பெரியவர்களால் ஆகாது என்று சொல்லப்பட்டதைச் செய்து காட்டினான்.

பெல் 1796இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே இம்முறையை விளக்கி இலண்டனில் நூல் வெளியிட்டார். 1811இல் தோன்றிய தேசியக் கல்விக் கழகம் அதனைத் தன் பள்ளிகளில் மேற்கொண்டது. 'மதராசு முறை' என்ற பெயரில் அது கடல்கள் பல கடந்து பரவியது. செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் பெல்லின் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராசுக் கல்லூரி' என்றே வழங்குகின்றது.

உரிமை யாருக்கு?

'இங்கிலாந்துக்குப் பாடம் சொன்னவர்கள் நாம்' என்று மேடைகளில் முழங்குவதுண்டு. வரலாற்று மாணாக்கர் இதனை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். மணலில் எழுதும் வழக்கத்தை நாட்டுப்பள்ளியில் கண்டதாகப் பெல் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். ஆனால் மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் கண்டுபிடிப்பு என்றே கூறி வந்தார்.

நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்பான் ஒருவன் இருந்ததை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். மூத்த மாணவன் முறைவைக்க, இளையோர் திருப்பிச் சொல்வது அங்கு அன்றாட நடைமுறை. இதற்கு அயலார் சான்றும் உண்டு. சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் நாட்டுப்பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அதற்கு விடையாக 1823இல் விரிவான அறிக்கை விடுத்தவர், இன்று கருநாடகத்தில் உள்ள பல்லாரி மாவட்டத்தின் ஆட்சியர் காம்பெல். மேல்நிலை மாணவர் கீழ்நிலையினர்க்குக் கற்பிக்கும் முறை போற்றத்தக்கது என்றும், இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகுதியே என்றும் அவர் எழுதினார். பெல் சட்டாம்பிள்ளையைக் கண்டாரா என்பதை எவரும் அறுதியிட இயலாது. அவர் புதிதென்று கருதியது நம் பள்ளிகளில் முன்பே வேரூன்றியிருந்தது என்பது மட்டும் உறுதி. இவ்வளவே நாம் உரிமை கோரத்தக்கது. இதுவே போதிய பெருமையுமாகும்.

பெருமையும் குறையும்

மன்றோவின் கணக்கெடுப்பு நமக்குப் பெருமை தருவது, நாணவும் செய்வது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். மக்கட்டொகையில் 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் பயின்றார். வீட்டிலேயே பயின்றோரையும் சேர்த்தால், பள்ளிப்பருவத்து ஆண்மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெற்றனர் என்று மன்றோ மதிப்பிட்டார். ஆயினும் அம்மாணாக்கருள் பெண்கள் 4,540 பேரே! தாழ்த்தப்பட்டோர் மக்களுக்கோ திண்ணையில் இடமில்லை. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகத் தீட்டுவோர் இதனை மறத்தல் ஆகாது.

காம்பெல் வேறொரு குறையையும் சுட்டினார். பிள்ளைகள் பொருள் விளங்காச் செய்யுட்களை நெட்டுருச் செய்கின்றனர் என்பதே அது. பள்ளிகள் நலிவதற்குக் காரணம் மக்களின் வறுமை என்றும், நம் நெசவாளர் துணியை இங்கிலாந்துத் துணி வென்று நின்றது அவ்வறுமைக்கு ஒரு காரணம் என்றும் எழுத அவர் தயங்கவில்லை.

பொருளுணராது ஒப்பித்தல் என்னும் இக்குறை கடல்கடந்த மதராசு முறையையும் பற்றியது. ஓர் ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பயின்றதால் செலவு குறைந்தது. சிறுவன் தானறிந்த சிறிதளவையே பிறனுக்கு ஊட்ட முடிந்ததால் அறிவும் குறைந்தது. எனவே 1846இல் இங்கிலாந்து பயிற்சி மாணவ-ஆசிரியர் திட்டத்துக்கு மாறியது. கற்பிப்பவர் தாமும் கற்பிக்கும் வகையைக் கற்றல் வேண்டும் என்ற தெளிவு பிறந்தது. அத்தெளிவே பயிற்சிக் கல்லூரிகளுக்கும், அவற்றின்வழிப் பல்கலைக்கழகக் கல்வியியலுக்கும் வித்தாயிற்று.

நம் நாட்டில் வளர்ந்த வகை

சென்னையில் 1856இல் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற ஆசிரியர் கல்லூரி அதன் வளர்ச்சியே. சென்னைப் பல்கலைக்கழகம் 1886இல் எல்.டி. என்னும் ஆசிரியப் பட்டத்தை ஏற்படுத்தியது. மெய்யியல் கற்பிக்க வந்த இளைஞர் இராதாகிருட்டிணன் 1910இல் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1918 முதல் 1921 வரை மைசூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய அவர்தம் பிறந்தநாளே 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப் பெறுகின்றது.

கருநாடகமும் இத்துறையில் பின்தங்கவில்லை. பெங்களூரில் 1954இல் ஆர்.வி. ஆசிரியர் கல்லூரியும், 1963இல் தென்னிந்திய வட்டார ஆங்கிலக் கல்வி நிறுவனமும், 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகமும் எழுந்தன. மைசூரில் 1963இல் தொடங்கிய வட்டாரக் கல்வியியற் கல்லூரி, பாட அறிவையும் பயிற்றும் கலையையும் ஒருங்கே நான்காண்டு கற்பிக்கும் படிப்பை நடத்தித் தென்மாநிலங்களுக்கு வழிகாட்டியது. தமிழ்நாட்டில் ஆசிரியக் கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் 2008இல் தோன்றிற்று. 2015இல் நாடெங்கும் கல்வியியல் இளநிலைப் பட்டப் படிப்பு ஓராண்டிலிருந்து ஈராண்டாயிற்று.

இவ்வளர்ச்சியில் நம்மை மகிழ்விக்கும் செய்தி ஒன்றுண்டு. 1995இல் மைசூர் மாவட்டத்து எக்கட தேவன கோட்டையில் 'நலி கலி' என்னும் கற்பித்தல் முறை தொடங்கப்பட்டது. ஆடிப்பாடிக் கற்றல் என்பது அதன் பொருள். அதற்கு ஊக்கம் தந்தது ஆந்திரத்து ரிசிவேலி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் இதையொத்த செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. சில ஆண்டுகளில் அது தமிழகமெங்கும் பரவியது. வெவ்வேறு நிலைப் பிள்ளைகள் ஒரே பாயில் வட்டமாய் அமர்ந்தனர். அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்லித் தந்தான். சட்டாம்பிள்ளை மீண்டும் வந்தான். ஆனால் கையில் பிரம்பின்றி வந்தான். இம்முறை சிறுமியரும், முன்பு திண்ணையில் ஏறவொண்ணாதிருந்தார் வழிவந்த மக்களும் அவ்வட்டத்தில் அமர்ந்தனர். பழைய முறை குறை நீங்கித் திரும்பியது என்பதே இதன் சிறப்பு.

நம் கடமை

பெங்களூர்வாழ் தமிழராகிய நமக்கு இவ்வரலாறு கூறும் அறிவுரை யாது? தமிழ்வழிப் பள்ளிகள் இங்குக் குறைந்துவிட்டன; நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுகின்றனரேயன்றி எழுத அறியார். கட்டடமில்லை, ஆசிரியரில்லை, பொருளில்லை என்று வருந்துகின்றோம். எழும்பூரில் பெல் வென்றது பொருளாலன்று; ஒருபிடி மணலாலும், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன்மீது வைத்த நம்பிக்கையாலும் அன்றோ!

நம் குடியிருப்புகளில் தமிழெழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் தத்தம் அண்டைவீட்டு இளையோர்க்கு வாரம் ஒருநாள் எழுத்தறிவித்தல் இயலாததன்று. ஆனால் நெட்டுருவோடு நில்லாமல், பொருளுணர்ந்து கற்பிக்கும் வகையை அப்பிள்ளைகளுக்கு முதலில் பழக்குதல் வேண்டும். கல்வியியல் பயின்ற தமிழாசிரியர்கள் அப்பொறுப்பினை ஏற்க முன்வருதல் வேண்டும். சாதி, பால், பொருள் என்னும் வேற்றுமை எதுவும் அங்கு நுழையாதிருத்தல் வேண்டும். திண்ணை கற்றுத்தந்ததையும் திண்ணை கற்கத் தவறியதையும் ஒருசேர நினைந்து செயற்படுவோமாயின், நம் முன்னோர்க்கு நாம் பட்ட கடனுள் ஒரு பகுதியேனும் தீரும்.